ஒரு நகைச்சுவை நாவலை அலமாரி மாற்றக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: நூலகச் சேவை, சட்டன் நகராட்சி, லண்டன்.

பொருள்: ‘வாஷிங்டனில் திருமணம்’ நாவலைப் புனைவு அலமாரியிலிருந்து எடுத்துத் திருமணக் கையேடுகளோடு வைக்கக் கோருதல்.

‘வாஷிங்டனில் திருமணம்’ 1960களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து நூலான நகைச்சுவை நாவல். எழுதியவர் சாவி என்ற சா. விசுவநாதன் (1916–2001). படங்கள் கோபுலு. ராக்ஃபெல்லர் குடும்பத்து அம்மையார் ஒருவருக்குத் தென்னிந்தியக் கல்யாணம் ஒன்றைக் கண்ணாரப் பார்க்க ஆசை. அதற்காக அவர் தஞ்சாவூர்ப் பக்கம் வருவதில்லை, கல்யாணம்தான் வாஷிங்டனுக்குப் போகிறது. சாஸ்திரிகள், சமையல்காரர்கள், அப்பளம் இடும் பாட்டிமார்கள், மாப்பிள்ளை ஊர்வலமான ஜானவாசத்துக்கு விளக்குத் தூக்குகிறவர்கள் என்று வரிசையாக விமானம் ஏறுகிறார்கள். செலவு முழுக்க அம்மையாருடையது. சாவியின் உத்தி மிக எளிது. கல்யாணச் சாமான் பட்டியலில் ஒன்றைக்கூட விடாமல் கடல் தாண்ட வைத்தார். பட்டியல் நீள நீளச் சிரிப்பும் நீண்டது.

அந்த உத்தி சட்டனில் செல்லுபடியாகவில்லை என்பதே இந்த விண்ணப்பத்துக்குக் காரணம்.

இணைய வாசகர் வட்டம் என்பது ஒரு புத்தகத்தைப் படித்தவர்களும் படிக்கப்போகிறவர்களும் மாதம் ஒருமுறை ஒரே திரையில் கூடும் அமைப்பு. சட்டன் அடங்கிய தென் லண்டனில் இதன் உறுப்பினர்களில் யாழ்ப்பாணத்தார் அதிகம், கும்பகோணம் பக்கத்தார் கொஞ்சம். டொரொன்டோவிலிருந்து நித்திரை முறிந்து எழும்பிய முகத்தோடு ஒருவராவது இருப்பார். சூமின் இலவசக் கூட்டத்துக்கு 40 நிமிடம்தான் ஆயுள். ‘கேக்குதா?’, ‘அண்ணை, உங்கட மைக் ஓஃப்’, ‘அக்கா, கமெரா முகட்டைக் காட்டுது’ ஆகிய மூன்று வாக்கியங்களும் முடியும்போது அதில் கால்வாசி போயிருக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கை மூடி வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நகைச்சுவை நாவலைப் பற்றி இணையத்தில் பேசுகிறவருக்குத் தம் பேச்சு எடுபட்டதா என்று தெரிய வழியே இல்லை. சிரித்தவர் மைக்கைத் திறந்து, ‘நான் இப்ப சிரிச்சனான்’ என்று அறிவிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்த நாவலுக்கு மூடிய மைக்குகளுக்குப் பின்னாலும் சிரிப்பு வருவதில்லை. அப்பளம் இடப் பாட்டிமார்கள் விமானத்தில் வரும் இடத்தை ஒருவர் வாசித்தால், அடுத்து வரும் கேள்வி, ‘எந்த எயார்லைன்ஸ், எத்தனை கிலோ விடுறாங்கள்?’ என்பது. மேளகோஷ்டி வரும் இடத்தில் விசா பற்றி அரை மணி விவாதம். சமையல்காரர் படை வரும் இடத்தில், அதே தொகைக்குத் தட்டுக் கணக்கில் முடித்துக் கொடுக்கும் கேட்டரிங்காரரின் எண் சாட் பெட்டியில் விழுகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் எந்தத் தமிழ் வாசகனுக்கும் பகல் கனவாகத் தெரிந்த ஏற்பாடு இன்று மிட்சம், குரோய்டன் பகுதிகளில் நடக்கும் சாதாரணச் சனிக்கிழமை. ராக்ஃபெல்லர் அம்மையார் மட்டும்தான் இல்லை. அவருடைய பங்கைக் கடன் அட்டை ஏற்றுக்கொண்டுவிட்டது.

வாசிப்பில் பிராந்திய வேறுபாடும் உண்டு. யாழ்ப்பாணத்து உறுப்பினர்களுக்கு ஜானவாசம் பழக்கமில்லை. தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கல் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று அவர்கள் தேடுவார்கள். வராது என்று தெரிந்ததும் நாவலாசிரியர் சரியாக விசாரித்து எழுதவில்லை என்ற முடிவுக்கு வருவார்கள். கூறைச் சேலை பற்றிய விவரக் குறைவும் குற்றமாகப் பதிவாகும். அப்பளத்துக்குக் கொடுத்த இடத்தைப் பலகாரச் சூட்டுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது இன்னொரு முறையீடு. கல்யாணத்துக்கு முன் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்து பலகாரம் சுடும் அந்த நாளுக்குத் தனி நாவலே எழுதலாம். யாரும் எழுதவில்லை என்பது உண்மையான இழப்பு. கும்பகோணத்துக் கட்சி இதற்கெல்லாம் பதில் சொல்லப் புறப்படும் நேரத்தில் 40 நிமிடம் முடிந்து திரை கறுத்துவிடும். சம்பந்திச் சண்டை எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்பும் எந்த அமெரிக்க அம்மையாருக்கும் இந்தக் கூட்டத்தின் இணைப்பை அனுப்பிவைத்தால் போதும்.

நாவலில் உள்ள குறை ஒன்றே ஒன்று: சட்டப் பகுதி போதாது. இங்கிலாந்தில் திருமணத்தை ஆள்வது 1949ஆம் ஆண்டின் திருமணச் சட்டம். மண்டபத்தில் அக்கினி சாட்சியாக நடக்கும் தாலிகட்டு மட்டும் அச்சட்டத்தின் கண்ணில் திருமணமாகாது. மணமக்கள் முன்கூட்டியே நேரில் போய் அறிவிப்புக் கொடுத்து, முழுதாக 28 நாள் காத்திருந்து, பதிவாளர் முன் தனியாக ஒருமுறை மணந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவு நிகழ்வில் சமயச் சடங்கு எதுவும் கூடாது. ஆக, ஓமப்புகைக்கு முன்னால் நடப்பதற்குச் சட்டப் பலன் கிடையாது. சட்டப் பலன் உள்ளதற்கு ஓமப்புகை கிடையாது. ஓமப்புகைக்கு மண்டபத்துப் புகையுணர்வி அலாரத்தின் அனுமதியும் வேண்டும். இத்தனை வாய்ப்பு இருந்தும் சாவி இந்தப் பக்கமே வரவில்லை. அவர் கதைக்கு வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்தது லண்டனுக்கு நேர்ந்த நஷ்டம்.

வகை மாற்றத்துக்கு இந்த வட்டாரத்திலேயே முன்னுதாரணம் உண்டு. ஜெரோம் கே. ஜெரோம் தேம்ஸ் நதியின் வரலாற்றையும் காட்சிகளையும் விவரிக்கும் பயணநூல் ஒன்றைத்தான் எழுத உட்கார்ந்தார். நகைச்சுவைப் பகுதிகள் பெருகி வரலாற்றை ஓரங்கட்டியதில், 1889இல் ‘ஒரு படகில் மூன்று பேர்’ வெளியானது. படகு புறப்படும் கிங்ஸ்டன், சட்டனுக்குப் பக்கத்து நகராட்சி. வழிகாட்டி நூலாகத் தொடங்கியது நகைச்சுவையாக முடிந்ததை நூலகங்கள் மறுப்பின்றி ஏற்றன. நகைச்சுவையாகத் தொடங்கியது வழிகாட்டி நூலாக முடிந்ததையும் அவ்வாறே ஏற்பதில் தடையிருக்க முடியாது.

கற்பனைக்கும் கோப்புக்கும் இடையிலுள்ள எல்லையில் சட்டன் நகராட்சிக்கு அனுபவமும் போதிய அளவு இருக்கிறது. 1954இல் பிபிசி வானொலியில் தொடங்கிய டோனி ஹான்காக்கின் நகைச்சுவைத் தொடரால் நாடு முழுக்கத் தெரிந்த முகவரி, கிழக்கு சீம், ரயில்வே கட்டிங்ஸ், 23ஆம் எண். சீம் இந்த நகராட்சிக்குள் இருக்கும் ஊர். ரயில்வே கட்டிங்ஸ் என்ற தெரு எந்த வரைபடத்திலும் இல்லை. இல்லாத வீட்டால் இவ்வளவு புகழ்பெற்ற ஒரு நகராட்சி, நடந்துகொண்டிருக்கும் கல்யாணத்தைப் புனைவு என்று பூட்டி வைப்பது முறையல்ல.

சிரிப்பு வராத நூலை நகைச்சுவை என்று அழைக்கலாமா என்பதற்கும் தீர்ப்பு உண்டு. நகைச்சுவைப் புனைவுக்கான போலாஞ்சே எவ்ரிமேன் உட்ஹவுஸ் பரிசில், வென்ற நூலின் பெயரை ஒரு பன்றிக்குச் சூட்டுவது வழக்கம். 2018இல் வந்த 62 நூல்களில் எதுவும் நடுவர்கள் எல்லாரையும் ஒருசேரச் சிரிக்க வைக்கவில்லை என்று பரிசை நிறுத்திவைத்தார்கள். அந்த அளவுகோலின்படி தென் லண்டனில் சாவியின் நாவலுக்கும் அதே கதிதான். சென்னையில் வாசித்தால் முடிவு வேறாக இருக்கலாம். அங்கே கல்யாணச் சாமான் தெருமுனையில் கிடைக்கிறது.

மேற்கண்டவற்றின் அடிப்படையில் கோருவது பின்வருமாறு. டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811இலிருந்து இந்நூலை எடுத்து, திருமண வழக்கங்களுக்குரிய 392.5இல் வைக்க வேண்டும். நூலகத்தில் பிரதி இருந்தால் உடனே மாற்றலாம், இல்லாவிட்டால் வாங்கிவிட்டு மாற்றலாம். 1964ஆம் ஆண்டின் பொது நூலக, அருங்காட்சியகச் சட்டம் முழுமையும் திறனும் கொண்ட சேவையைத்தான் கேட்கிறது, நகைச்சுவை உணர்வைக் கேட்கவில்லை. எனவே இதில் சட்டச் சிக்கல் எழாது. கோபுலுவின் படங்களை அகற்ற வேண்டாம்: பந்தியில் எவர் எங்கே உட்காருவது என்பதற்கு அவை பயன்படும். சம்பந்திச் சண்டைப் பகுதிகளை மட்டும் சட்ட ஆலோசனைப் பிரிவுக்குப் பிரதி எடுத்து அனுப்பலாம். சாவி தொடாத பொருள் வாகன நிறுத்தம். சனிக்கிழமைகளில் மண்டபத் தெருவில் இரட்டை மஞ்சள் கோட்டின் மேல் நிற்கும் கார்களுக்கான விதிமுறைகளை நகராட்சியே அச்சிட்டு, நூலின் கடைசி அட்டையில் ஒட்டித் தரலாம்.

இப்படிக்கு,
மைக்கை மூடிவைத்திருக்கும் உறுப்பினர்கள்