எட்டா, பத்தா? ஊவா மலைநாட்டுப் பைனாக்குலர் தெரிவு பற்றிய ஓர் ஆராய்ச்சி

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், வெலிமடையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் குருவி பார்க்கப் புறப்படுவார் கழுத்தில் எதைத் தொங்கவிட வேண்டும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. குருவி பார்த்து என்ன கிடைக்கும் என்ற கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அதை அவரவர் வீட்டார் ஏற்கெனவே விரிவாக ஆராய்ந்து முடிவும் சொல்லிவிட்டனர்.

முதற்கண் எண்ணியல். கருவியின் உடம்பில் 8×42 என்று பொறித்திருந்தால், முன்னெண் உருவம் எத்தனை மடங்கு பெருகும் என்பதைச் சொல்லும். பின்னெண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லும். பின்னதை முன்னதால் வகுக்க, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 8×42க்கு அது 5.25 மில்லிமீட்டர். 10×42க்கு 4.2. சட்டைப்பையில் அடங்கும் 8×25க்கு மூன்றுக்குச் சற்று மேல். இளையவர் கண்ணின் பாவை இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏறினால் பெரும்பாலும் ஐந்தோடு நின்றுவிடும். ஆகவே கப்பற்காரர் பாணியில் 7×50 வாங்கி மார்பில் சாத்திக்கொள்ளும் ஓய்வுபெற்ற அதிபர், தம் கண்ணுக்குள் நுழையவே முடியாத வெளிச்சத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறார்.

இனி வழக்கு. பத்து மடங்கே சிறந்தது என்பார் கட்சி வலியது. அதற்கு ஆதாரமும் உண்டு. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட புந்தலவில், உப்பளத்துக்கு அப்பால் நிற்கும் உள்ளான்களை இனம் பிரிக்கப் பத்தும் போதாது. முக்காலியில் ஏற்றிய தொலைநோக்கியே வேண்டும். அற்றேல் வெலிமடைக்கும் அதுவே ஆகாதோ எனின், ஆகாது. என்னை? வெலிமடை உப்பளமன்று. இங்கே குருவி ஒன்று, பள்ளத்தாக்கின் அடுத்த கரையில் இருக்கும். அதற்கு எந்த எண்ணும் உதவாது. அல்லது தேயிலைச் செடிக்குள் இரண்டடி தூரத்தில் தையல்சிட்டாக இருந்து நம்மைத் திட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மீட்டருக்குள் தெளிவு கொடுக்காத கருவியை வைத்திருப்பவர், அதைப் பார்க்கப் பின்னோக்கி நடந்து கானுக்குள் விழவேண்டியதுதான்.

மேலும் ஒரு நியாயம். கருவி குருவியை மட்டும் தனியே பிரித்துப் பெருக்குவதில்லை. பிடித்திருக்கும் கையின் நடுக்கத்தையும் பெருக்குகிறது. ஹக்கலைப் பக்கத்து ஏற்றத்தில் நாலு வளைவு ஏறி மூச்சு வாங்க நிற்பவர் கையில் பத்து மடங்கு என்பது பத்து மடங்கு ஆட்டம். மூடுபனி இறங்கினால் பனியும் பத்து மடங்கு. போதாக்குறைக்குப் பத்தின் பார்வைப்பரப்பு பெரும்பாலும் எட்டின் பரப்பைவிடக் குறுகலானது. வெள்ளைக்கண்ணிக் கூட்டம் ஒரு மரத்தில் நிற்கும் நேரம் சொற்பம். குறுகிய வட்டத்துக்குள் அதைத் தேடிப் பிடிப்பதற்குள், கூட்டம் அடுத்த மலைக்குப் போய்விட்டிருக்கும்.

திருவிழாக் கடைகளில் விற்கும் சிவப்புக் கண்ணாடிக் கருவியைப் பற்றித் தனி நூலே எழுதலாம். இடமின்மையால் ஒரு பத்தி. மாணிக்கம்போல் மினுங்கும் அந்தப் பூச்சு சிவப்பொளியை வெளியே திருப்பி அனுப்பிவிடுகிறது. உள்ளே வருவது பச்சையும் நீலமுமான உலகம். மலைநாட்டுக்கே உரிய மங்கல்நீல ஈப்பிடிப்பானைக் காண நெடுநாள் ஏங்கியவர்கள் இதை வாங்கலாம். பிறகு பார்க்கும் குருவியெல்லாம் மங்கல்நீல ஈப்பிடிப்பான்தான்.

நல்லதைக் கண்டறியக் கடையிலேயே சோதனை உண்டு. கருவியைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கிக் கண்ணோட்டைகளைக் கவனிக்க. ஒளிவட்டம் முழு வட்டமாகத் தெரிந்தால் உள்ளிருக்கும் பட்டகம் தரமானது. ஓரம் வெட்டுண்டு சதுரச் சாயல் காட்டினால் மலிவுக் கண்ணாடி. இந்தச் சோதனையைச் செய்பவரைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பொருட்படுத்த வேண்டாம். நைட்ரஜன் நிரப்பி அடைத்ததா என்றும் கேட்க வேண்டும். குளிரிலிருந்து அடுப்படிக்குள் வரும்போது உள்ளே ஆவி படியாமல் காப்பது அதுவே. அடைப்பில்லாத கருவிக்குள் மலைநாட்டு ஈரம் பூஞ்சணப் பயிர் வைத்துவிடும். அறுவடை செய்யவும் வழியில்லை.

இதுவரை ஆராய்ச்சியாளர் கவனியாத பகுதி, கருவியைச் சுமப்பவரின் சமூக நிலை. மேட்டிலிருக்கும் பங்களா விறாந்தையில் நின்று துரை பைனாக்குலரால் மலையைப் பார்த்தார், நிழல் மரத்தடியில் உட்கார்ந்தவளைக் கண்டுபிடித்து அரைப்பேர் போட்டார் என்ற கதை லயங்களில் இன்னும் உலவுகிறது. அப்படிப்பட்ட பொருளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவர் தேயிலைக்குள் இறங்கினால் அவர் குருவி பார்க்கிறார் என்று யாரும் நம்பமாட்டார்கள். "என்னாங்க சார், காணி அளக்க வந்தீங்களா?" என்பது முதல் கேள்வி. ரோட்டைப் பெருசாக்கப் போகிறார்களா என்பது அடுத்தது. சிறுத்தை கணக்கெடுக்கும் ஆபீசர் என்றொரு வதந்தி கீழ்லயம் வரை போய்ச்சேரும். "குருவிதாங்க பாக்குறேன்" என்று உண்மையைச் சொன்னால்தான் சந்தேகம் உறுதியாகிறது.

இதனோடு சேர்த்து ஆராயத்தக்கது எடைப் புலம்பல். 42 மில்லிமீட்டர் கருவிகள் பெரும்பாலும் 600 முதல் 800 கிராம் வரை இருக்கும். கழுத்து வலிக்கிறது என்று விசேஷப் பட்டை தேடுவார் பலர். அவர்கள் அந்தப் புலம்பலைக் கொழுந்து மடுவத்தருகே வைத்துக்கொள்ளாமல் இருப்பது நன்று. அங்கே வரிசையில் நிற்பவர்கள் பதினெட்டு இருபது கிலோ கொழுந்தைத் தலையில் மாட்டிய கயிற்றில் சுமந்து வந்து, தராசு எவ்வளவு கழிக்குமோ என்ற கவலையில் இருப்பவர்கள்.

கருவியே வேண்டாம், காது போதும் என்றொரு கட்சியும் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. பறவையியலாளர் தீபால் வாரகாகொட 1995இல் கித்துல்கலக் காட்டில் அறிமுகமில்லாத ஒரு குரலைத்தான் முதலில் கேட்டார். குரலுக்குரிய சின்ன ஆந்தையைச் சிங்கராஜாவில் கண்ணால் கண்டது 2001இல். புதிய இனமாக அறிவிக்கப்பட்டது 2004இல். வெலிமடையிலேயே சாட்சி வேண்டுமாயின் சரே தோட்டத்துக்குப் போகலாம். அங்குள்ள பழுப்புக் காட்டாந்தையைப் பார்க்க, வீட்டு விலையில் கருவி வைத்திருக்கும் வெளிநாட்டார் வருகிறார்கள். பகலில் அது மரப்பட்டையோடு பட்டையாகத் தூங்கும். எந்தக் கிளை என்று காட்ட ஊர்க்காரர் ஒருவர் விரலை நீட்ட வேண்டியிருக்கிறது. அந்த விரலுக்கு எத்தனை மடங்கு என்று எந்தக் கம்பனியும் பொறிக்கவில்லை.

ஆயினும் காது காட்டும் திசையில் கண் போக வேண்டுமே. சீழ்க்கைப் பூங்குருவி வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும்தான். அந்த அரையிருட்டில் மூன்று மில்லிமீட்டர் ஒளிவட்டம் கறுப்பைத் தவிர எதையும் காட்டாது. ஐந்து இருந்தால் தோளில் ஒரு நீலத்திட்டு தெரியும்.

எனவே தீர்ப்பு: 8×42, நீர்புகாதது, ஒளிவட்டம் முழுமையானது, சிவப்புப் பூச்சில்லாதது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்ணுக்கும் கருவிக்கும் 15 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி தருகிறதா என்று பார்த்து வாங்கவும். கொழுந்தெடுக்கும் அக்கா யாராவது "கொஞ்சம் தாங்க பாப்பம்" என்றால் தயங்காமல் கொடுக்கவும். திரும்பி வந்ததும் வலக்கண் வளையத்தை உங்கள் கண்ணுக்குத் திருத்திக்கொள்ளவும். வாங்குவதைப் புரட்டாசிக்குள் வாங்கிவிடுங்கள். ஆறுமணிக்குருவி ஐப்பசி வாக்கில் இந்தியாவிலிருந்து வந்து சேரும். சித்திரை முடிவதற்குள் திரும்பிவிடும்.