சாலையில் துண்டு விழுந்தால்

உங்கள் கோட்டத்தில் ஏழு கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலையை இருவழியிலிருந்து நான்குவழியாக்க 48 கோடி ரூபாய்க்கு நிர்வாக ஒப்புதல் வந்தது, மாலை மரியாதையோடு பூமி பூஜையும் நடந்தது, பாதி வேலையில் இன்னும் 12 கோடி வேண்டும் என்று தெரிகிறது என வைத்துக்கொள்வோம். கோட்டப் பொறியாளராகிய நீங்கள் பதற வேண்டாம். இந்தப் பன்னிரண்டு கோடி நேற்று முளைத்ததல்ல. மதிப்பீடு எழுதிய அன்றே இருந்தது. அறுபது என்று எழுதினால் கோப்பு மேலே போகாது என்பதால் நாற்பத்தெட்டு என்று எழுதப்பட்டது, அவ்வளவுதான். மின்கம்பம் மாற்ற ஒரு மொத்தத் தொகை, குடிநீர்க் குழாய்க்கு இன்னொரு மொத்தத் தொகை, நிலத்துக்கு ‘தனியே கோரப்படும்’ என்று ஒரு வரி. மீதியெல்லாம் அந்த ஒரு வரிக்குள் படுத்துக்கொண்டது.

எனவே பற்றாக்குறையை நிரப்பும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். அது நிரம்பாது. நகரும். எங்கே நகர்த்துவது, யார் தலையில் நகர்த்துவது என்பதில்தான் உங்கள் சாமர்த்தியம்.

எல்லாரும் முதலில் செய்வது அகலத்தில் கை வைப்பது. ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. ஊருக்கு வெளியே, வயல்வெளியில், சாலையின் இருபுறமும் புறம்போக்கு தாராளமாகக் கிடக்கும். அங்கே நான்குவழி, நடுவில் மையத் தடுப்பு, அதில் அரளிச்செடி, எல்லாம் வைத்து ஜமாய்த்துவிடுங்கள். கடைவீதி வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே நிலத்தைத் தொட்டால் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் வந்து நிற்கும்: சந்தை மதிப்பு, அதற்குச் சமமாக நூறு விழுக்காடு ஆறுதல் தொகை, போதாததற்கு அறிவிக்கையிலிருந்து தீர்வாணை வரை ஆண்டுக்கு 12 விழுக்காடு. நீங்கள் தூங்கும்போதும் அந்தக் கணக்கு ஓடும். மேலும் அங்கே இரண்டு நகைக்கடை, ஒரு மாரியம்மன் கோயில், எல்லாக் கட்சிக் கொடிக்கம்பங்களும் இருக்கின்றன. எனவே முன்னேற்ற அறிக்கையில், ‘கி.மீ. 11/4 முதல் 12/2 வரை நீங்கலாக, பணி முடிவுற்றது’ என்று எழுதுங்கள்.

வண்டிகள் நெரிவது அந்த எண்ணூறு மீட்டரில்தானே, அதற்காகத்தானே சாலையை அகலப்படுத்தினோம் என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் டீக்கடைக்காரராக இருப்பார். நான்குவழியில் பறந்து வந்த லாரியும் பேருந்தும் அவர் கடை வாசலில் ஒரே வழியாகச் சுருங்கி, ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அவரிடம் ‘புறவழிச்சாலைக்குத் தனிக் கருத்துரு அனுப்பியிருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். அனுப்பியும் வையுங்கள். அதற்கு ஒரு மதிப்பீடு வேண்டும். நிலத்துக்கு என்ன எழுதுவது என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

தாரின் கனத்தைக் குறைக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். கூடாது. தரக்கட்டுப்பாட்டுக் கோட்டத்தினர் சாலையைக் குடைந்து அளந்து பார்ப்பார்கள். வடிகாலை எடுத்துவிடுங்கள், அதை யாரும் குடைவதில்லை. தார்ச்சாலைக்குத் தண்ணீர்தான் எமன் என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். ஆனால் வடிகால் கட்டினால் செலவு இந்தத் திட்டத்தின் கணக்கில். கட்டாவிட்டால், வடகிழக்குப் பருவமழையில் சாலை பெயர்ந்து, ஒட்டுப்போடும் செலவு பராமரிப்புக் கணக்கில். தலைப்பு வேறு, ஆண்டு வேறு, அநேகமாக அதிகாரியும் வேறு. கோட்டக் கணக்கர் இதைக் கேட்டதும் முகம் மலர்வார்.

பயணியர் நிழற்குடைகளையும் நீக்கிவிடலாம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டுக்கு ஆண்டுக்கு 3 கோடி உண்டு. அதிலிருந்து கேட்டால் நிழற்குடைக்கு மறுக்க மாட்டார்கள். பெயர் எழுதும் பலகைக்கு இடம் விட்டு, மீதியில் கூரை போட வேண்டும்.

இனி பிறர் பணம். எனக்குப் பிடித்தது நபார்டு வங்கியின் ஊரக உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி. 1995-96இல் தொடங்கியது. அந்த நிதி எப்படிச் சேருகிறது என்று பாருங்கள். வணிக வங்கிகள் தம் கடனில் 40 விழுக்காட்டை வேளாண்மை, சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குத் தர வேண்டும். தராமல் துண்டு விழச் செய்த வங்கி, விடுபட்ட தொகையை இந்த நிதியில் கொண்டுவந்து போட வேண்டும். அதாவது உழவருக்குக் கொடுக்க வங்கிக்கு மனம் வராத பணம், மாநில அரசுக்குக் கடனாகி, சாலைக்கு வருகிறது. வங்கி மேலாளர்கள் உழவர்களுக்கு ஒழுங்காகக் கடன் கொடுக்கத் தொடங்கினால் நம் கதி என்ன ஆகும் என்று எனக்கு அவ்வப்போது கவலை வருவதுண்டு. கருத்துருவில் லாரி, நகைக்கடை பற்றி மூச்சு விடாதீர்கள். இந்தச் சாலை எத்தனை கிராமத்துக் கத்தரிக்காயைச் சந்தைக்குக் கொண்டுபோகிறது என்று எழுதுங்கள். சாலைக்கு 80 விழுக்காடுதான் கடன் கிடைக்கும். மீதி இருபதை மாநிலம் போட வேண்டும். ஆகவே பன்னிரண்டு கோடிப் பள்ளம் இரண்டு கோடியே நாற்பது லட்சமாகச் சுருங்கும். சுருங்கிய பள்ளத்துக்கு அகலம், வடிகால் எனத் திரும்பவும் மேலிருந்து படியுங்கள்.

சுங்கச்சாவடி வைக்கலாமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2002 முதல் வசூலித்திருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கடற்கரையும் மாமல்லபுரமும் வேண்டும். உங்களிடம் இருப்பது அரிசி ஆலையும் கல்லூரிப் பேருந்தும். தேர்தலும் பக்கத்தில் இருந்தால் நினைக்கவே வேண்டாம்.

மைல்கல்லுக்கு மஞ்சள் பூசுவது இதைவிடக் கௌரவமான வழி. மாநில நெடுஞ்சாலை பச்சை, தேசிய நெடுஞ்சாலை மஞ்சள். சாலையைத் தேசிய நெடுஞ்சாலையாக்கக் கோரினால் ஒன்றிய அரசு ‘கொள்கையளவில்’ ஏற்கும். ஏற்ற நிமிடத்திலிருந்து, எப்படியும் அவர்கள் போடப்போகும் சாலைக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று மாநிலம் ஒதுங்கிக்கொள்ளும். அறிவிக்கை வராத சாலைக்கு எப்படிச் செலவழிப்பது என்று ஒன்றியம் ஒதுங்கிக்கொள்ளும். சாலை இருவருக்கும் சொந்தமில்லாமல் நிம்மதியாகக் கிடக்கும், நீங்களும் அப்படியே. சாலையின் தகுதியை மாற்றுவது கடினம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, பல மாநிலங்களில் நெடுஞ்சாலைகள் உள்ளூர்ச் சாலைகளாக மாறிய வேகத்தைப் பார்த்திருக்கிறோம். மதுக்கடையை நகர்த்துவதைவிடச் சாலையை நகர்த்துவது சுலபம் என்று அன்று தெரிந்தது.

எதுவும் பலிக்கவில்லையென்றால் காத்திருங்கள். இதற்குச் சென்னையில் பெரிய முன்னோடி உண்டு. மதுரவாயல் – துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009இல் ஒரு பிரதமர் அடிக்கல் நாட்டினார். அப்போது 2,000 கோடிக்குள் அடங்கிய வேலை. 2012இல் கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுப்பதாகச் சொல்லி மாநில அரசு நிறுத்தியது. தூண்கள் ஆற்றோரம் வெயில் காய்ந்தன. 2022இல் இன்னொரு பிரதமர் இன்னொரு அடிக்கல் நாட்டியபோது மதிப்பு 5,850 கோடிக்கு மேல். இடையில் அது இரண்டடுக்கானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் ஒரு சாலைக்கு இரண்டு பிரதமர் என்பது எல்லாருக்கும் வாய்க்காது.

உங்கள் அளவுக்குக் காத்திருப்பது என்றால் திருத்திய நிர்வாக ஒப்புதல் கேட்டுக் கோப்பு அனுப்புவது. அது கேள்வியோடு திரும்பும். கேள்விகள் ஐந்தானால் ஒரு நேரத்தில் ஒன்றுக்குப் பதில் எழுதுங்கள். ‘மூல மதிப்பீட்டிலேயே இது ஏன் சேர்க்கப்படவில்லை?’ என்ற கேள்விக்கு மட்டும் அவசரப்பட்டுப் பதில் எழுதிவிடாதீர்கள். மூல மதிப்பீட்டைத் தயாரித்தவர் பதவி உயர்ந்து, இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். இதற்குள் தாரின் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதம் இருமுறை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும், மாற்றிக்கொண்டே இருக்கும். மின்வாரியம் முன்பணம் கட்டினால்தான் கம்பத்தைத் தொடும். புதிய விலைப்பட்டியலும் வந்துவிடும்.

ஒரு நல்ல நாளில் பன்னிரண்டு கோடிக்கு அரசாணை வரும். அன்றைய தேவை பத்தொன்பதாக இருக்கும். மீண்டும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போங்கள். வடிகாலை இன்னொரு முறை நீக்க முடியாது. நிழற்குடையும் போய்விட்டது. கி.மீ. 9/6இல் ஒரு சிறுபாலம் மதிப்பீட்டில் இருக்கிறது. அந்த ஓடையில் தண்ணீர் வந்து எத்தனை வருடமாயிற்று என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.