டில்லி பேசியது, ஓவர்லாக் தின்றது

1979-ல் திருப்பூரில் பொழுது விடியச் சேவல் தேவைப்படவில்லை. வால்டர் காஃப்மன் போதும். ஐரோப்பாவில் ஹிட்லர் காலம் தொடங்கியதும் பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூத இசையமைப்பாளர் அவர். 1930-களில் அகில இந்திய வானொலிக்கு அவர் போட்டுக்கொடுத்த முகப்பு இசைதான் டீக்கடை பாய்லருக்கு முந்தி எழுந்தது. பின்னாலேயே வந்தே மாதரம். அதற்குப் பின்னால் இரவு வரை பேச்சு, பேச்சு, பேச்சு.

ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சமஸ்கிருதச் செய்தி வரும். 1974-ல் ஆரம்பித்த வழக்கம். "இயம் ஆகாஷவாணி" என்று பலதேவானந்த் சாகர் தொடங்கினால் டீக்கடையில் ஒருவரும் எழுந்துபோய் அணைக்க மாட்டார்கள். 1965-ல் இந்தியை எதிர்த்துக் கொந்தளித்த ஊர், அதற்கும் மூத்த மொழியை வடையோடு சேர்த்து விழுங்கியது. பக்தியெல்லாம் இல்லை. 7.15-க்குத் தமிழ்ச் செய்தி. நடுவில் முள்ளைத் திருப்பிவிட்டால் மறுபடி ஸ்டேஷனைப் பிடிப்பதற்குள் டில்லி பாதிச் செய்தியை முடித்திருக்கும். ஆக, சமஸ்கிருதத்தை வளர்த்ததில் பழைய வால்வு ரேடியோவின் பங்கை யாரும் சரியாக மதிப்பிடவில்லை.

இதையெல்லாம் சும்மா கேட்டுவிட முடியாது. வருடா வருடம் தபால் ஆபீசுக்குப் போய் ரேடியோ லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். தான் பேசுவதைக் கேட்பதற்கு மக்களிடமே காசு வாங்கிய அரசாங்கத்தின் வியாபார மூளை திருப்பூர் முதலாளிகளையே அசரவைத்திருக்கும். 1980-களின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது.

காலை எட்டரைக்கு ஷிப்ட். இனி வருகிற கம்பெனியும் ஆட்களும் என் கற்பனை. மொரார்ஜி தேசாய் நிஜம். அது ஓர் உள்ளூர் பனியன் கம்பெனி. வெரோனா என்ற இத்தாலிக்காரர் 1978-ல் வந்து வெள்ளை டி-சர்ட் கேட்டுவிட்டுப் போனதிலிருந்து, எக்ஸ்போர்ட் என்று முதலாளி தூக்கத்தில் உளறுகிற காலம். கட்டிங் மாஸ்டர் தலைக்கு மேல் ஒரு பலகை, அதில் ரேடியோ. கீழே ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று தையல் மெஷின்கள் வரிசையாக ஓடுகின்றன. சினிமாப் பாட்டு இந்தச் சத்தத்தைத் தாண்டி நீந்திவிடும். பாதி வரி அமுங்கினாலும் மீதியை நாமே பாடிக்கொள்ளலாம். பேச்சுக்கு அந்த வசதி கிடையாது. வானிலை அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்பது கேட்கும், அப்புறம் ஒரு பீஸ் முழுக்கத் தையல் ஓடும், 'பெய்யக்கூடும்' என்பது கேட்கும். எங்கே என்ன பெய்யும் என்பதைச் செக்கிங்கில் இருக்கும் அக்காக்கள் கூடிப் பேசி முடிவுசெய்வார்கள்.

மற்ற நிகழ்ச்சிகளின் கதியும் இதுதான். வீட்டில் ஓய்வாக இருக்கும் மகளிருக்காக டில்லியும் கோவையும் நினைத்து நினைத்துத் தயாரித்த நிகழ்ச்சி வரும்போது, மகளிர் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளி ஒலிபரப்பு வரும்போது அதைக் கேட்க வேண்டிய பையன்கள் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியைக் கைமடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒலிபரப்பை நாள் தவறாமல் கேட்ட மாணவர்கள் அவர்களாகத்தான் இருக்கும்; ஆஜர் எடுக்க வாத்தியார்தான் இல்லை. இதில் சிரிக்க எனக்கும் அவ்வளவாக வரவில்லை.

சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி. தஞ்சாவூர்ப் பக்கம் இது பெரிய வெற்றி. திருச்சி நிலையம் சொல்லிச் சொல்லியே ஆடுதுறை 27 பரவி, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. திருப்பூரில் அதைக் கேட்டவர்கள், மழையையும் கிணற்றையும் நம்பி நொந்துபோய்க் காட்டை விட்டு பவர் டேபிளுக்கு வந்தவர்கள். வயலில் நீர் கட்டும் முறையை அவர்களுக்கு ஒருவர் நிறுத்தி நிதானமாக விளக்குவார்.

காலை ஒலிபரப்பு முடிந்து நிலையம் மூடிக்கொண்டால் முள் தானாக இலங்கைக்குப் போகும். இதற்கு மாலை போட வேண்டியது பி.வி. கேஸ்கருக்கு. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான அவர் சினிமாப் பாட்டை விரட்டி, ஜனங்களைச் சாஸ்திரிய சங்கீதத்தால் திருத்தப் பார்த்தார். ஜனங்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கிக் கூப்பிட்டும் பாதிப்பேர் திரும்பவில்லை.

அப்படிப்பட்ட ஊருக்கு அந்த மார்ச் 22, வியாழக்கிழமை வந்தது. பம்பாய் ஜஸ்லோக் ஆஸ்பத்திரியில் மூத்த தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் என்கிற ஜே.பி. கிடையாகக் கிடக்கிறார். ஜே.பி. காலமானார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் எழுந்து சொன்னார். உறுப்பினர்கள் அஞ்சலி செலுத்தினார்கள், சபையை ஒத்திவைத்தார்கள். வானொலி நாடு முழுக்கச் சொன்னது. நம் கம்பெனியில் ஓவர்லாக்குக்கு நடுவே விழுந்தது 'நாராயண்' என்பதும் 'காலமானார்' என்பதும்தான்.

"ஏனுங்க, சரோஜ் நாராயண்ஸ்வாமி போயிட்டாங்களாமா?"

"காலைல கூட அந்தம்மாதானே நியூஸ் வாசிச்சுது!"

"அதான் சொல்றேன், பாருங்க. எந்நேரம் யாருக்கு என்ன ஆகும்னு ஆருக்குத் தெரியும்?"

கட்டிங் மாஸ்டர் கத்தரியை வைத்துவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தார். அதுவரை அந்தக் கம்பெனியில் டில்லிக்காக யாரும் மெயினை அணைத்ததில்லை. இறந்தவர் யாரென்று அப்போதுதான் தெளிவாயிற்று. முதலாளி வந்து, துக்கத்துக்கு லீவு விடலாமா, ஆர்டர் என்னாவது என்று கணக்குப் போட ஆரம்பித்தார். அவர் போட்டு முடிப்பதற்குள் பம்பாயிலிருந்து சேதி வந்துவிட்டது: ஜே.பி. உயிரோடுதான் இருக்கிறார்.

தவறுக்குப் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். நெருக்கடி நிலையில் வானொலி அரசாங்கத்தின் பஜனைமடமாகிவிட்டது என்று குற்றம்சாட்டி ஆட்சிக்கு வந்தவர்கள் இவர்கள். அத்வானி தகவல் ஒலிபரப்பு அமைச்சர். வானொலிக்குத் தன்னாட்சி கொடுங்கள் என்று வர்கீஸ் குழு 1978-லேயே அறிக்கை கொடுத்தும் ஆகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும், ஒருவர் 'செத்தார்' என்று பிரதமர் சொன்னால் வானொலிக்கும் செத்தார்தான். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

நிஜமாகவே ஜே.பி. இறந்தது அக்டோபர் 8-ம் தேதி, பாட்னாவில். வானொலி மறுபடியும் அதே செய்தியைச் சொன்னது. நம் கம்பெனியில் இந்தத் தடவை மெயினை யாரும் அணைக்கவில்லை.

"மாஸ்டர், ஜே.பி. போயிட்டாருங்களாம்."

"எதுக்கும் ராத்திரி பிபிசி தமிழோசை சொல்லட்டும் கண்ணு. நீ கை மடி."