தோற்ற பின் மாடி ஏறுபவர்

ஜப்பானிய விளையாட்டு அனிமே எதை எடுத்தாலும் இவர் இருப்பார். வயது பதினேழு, பதினெட்டு. முதுகில் பள்ளிப் பெயர் எழுதிய ஜாக்கெட். போன வாரம் வரை எதிரணியின் நட்சத்திரம். இந்த வாரம் ஸ்டேடியத்தின் மாடி வரிசையில், கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றி, கீழே நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயர் கதைக்குக் கதை மாறும். நாம் கேலரிக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

தோற்பதற்கு முன் இவரிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. கதாநாயகனை இவர் முதலில் சந்திப்பது பெரும்பாலும் கழிப்பறைக்குப் போகிற வழியில். அங்கேயே உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை, உதட்டோரம் ஒரு சிரிப்பு. ஆட்டம் தொடங்கி மூன்று நான்கு எபிசோடுகள் இவர் கைதான் ஓங்கியிருக்கும். பிறகு திடீரென்று இவருடைய சிறுவயதைக் காட்டுவார்கள்: சாயங்கால வெயில், ஆளில்லாத மைதானம், சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு பையன். பழகிய ரசிகர் அந்த இடத்திலேயே பெருமூச்சு விட்டுவிடுவார். எதிரணிக்காரருக்கு பிளாஷ்பேக் வந்துவிட்டதா, ஆள் காலி.

சரி, தோற்றாயிற்று, அழுதாயிற்று, ரசிகர்களுக்குக் குனிந்து வணக்கமும் சொல்லியாயிற்று. வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? போகமாட்டார். பள்ளிப் போட்டிகளில் பெரும்பாலும் ஒரு தோல்வியோடு பயணம் முடிந்துவிடும். மூன்றாம் ஆண்டு மாணவர் என்றால் கிளப்பிலிருந்தே ஓய்வு. ஆனால் கதாசிரியருக்கு மனசு வராது. பல அத்தியாயங்கள் செலவழித்து வளர்த்த ஆளை, தலைமுடிக்கே தனி உழைப்புப் போட்டு வரைந்த ஆளை, ஒரே தோல்வியில் தூக்கி எறிய முடியுமா? மாடியில் ஓர் இடம் ஒதுக்கி, விளக்கம் சொல்லும் வேலை போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

வேலையில் சேர்ந்தவுடன் கண்பார்வை கூடிவிடுகிறது. களத்தில் நின்றபோது மூக்குக்கு நேரே எழும்பிய பிளாக்கைப் பார்க்காதவர், மாடியிலிருந்து ஓர் ஆட்டக்காரனின் சுண்டுவிரல் நடுங்குவதைப் பார்க்கிறார். "ம்ம்... அவன் இன்னும் முழுசா இறங்கல" என்கிறார். "அப்படின்னா, சென்பாய்?" என்று கேட்பதற்கென்றே பக்கத்தில் ஒரு ஜூனியர். கேள்வி பிறந்து, பதில் வளர்ந்து, ஜூனியர் வியர்த்து முடியும்வரை கீழே பந்து மரியாதையாக அந்தரத்தில் காத்திருக்கும்.

கைப்பந்துக் கதையான ஹைக்யூவின் ஓய்காவா தோரு இந்த இனத்தின் சக்கரவர்த்தி. மியாகி மாநிலத்தில் ஷிராடோரிசாவா பள்ளியின் உஷிஜிமாவைத் தாண்டி ஒருமுறையாவது தேசியப் போட்டிக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் லட்சியம். கடைசி வாய்ப்பையும் கதாநாயகனின் பள்ளியான கராசுனோ பறித்துவிடுகிறது. மறுநாளே கராசுனோவும் ஷிராடோரிசாவாவும் மோதும் இறுதியாட்டத்துக்கு, கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். உஷிஜிமா தோற்றாலும் சந்தோஷம், தன்னைத் தோற்கடித்த கராசுனோவின் ககேயாமா தோற்றாலும் சந்தோஷம். இரண்டு பக்கமும் லாபம் வருகிற இப்படியொரு வியாபாரம் யாருக்குக் கிடைக்கும்? 2016இல் வந்த மூன்றாம் சீசனின் 10 எபிசோடுகளும் ஏறக்குறைய அந்த ஒரே ஆட்டம்தான் என்பதால், மாடியில் பேசுவதற்கு நேரப் பஞ்சமும் இல்லை.

குரோகோவின் பேஸ்கட்பாலில் வரும் கிசே இன்னும் அவசரக்காரர். பயிற்சி ஆட்டத்தில் 100-98 என்று கதாநாயகனின் அணியான செய்ரினிடம் தோற்று, அழுகிறோம் என்பதே புரியாமல் அழுகிறார். அப்புறம் பார்த்தால், செய்ரின் ஆடும் போட்டிக்குத் தன் கேப்டனையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். அந்தப் போட்டியில் தோற்ற மிதோரிமாவும் இரவு அவர்கள் எல்லோரும் சாப்பிடப் போன ஒகோனோமியாகி கடைக்கே வந்து சேர, ஜெயித்தவர், போன தடவை தோற்றவர், இன்று தோற்றவர் எல்லோருக்கும் ஒரே மேஜை. சம்பந்தி வீடுகளில்கூட இவ்வளவு சீக்கிரம் ராசியாவதில்லை.

என் ஓட்டு மட்டும் உவோசுமிக்கு. இனோவே தகேஹிகோவின் ஸ்லாம் டங்க்கில் ரியோனான் அணியின் கேப்டன், 202 செ.மீ. உயரம். கதாநாயகனின் அணியான ஷோஹோகுவிடம் 70-66 என்று தோற்றதும், கேலரிக்கெல்லாம் ஏங்காமல் சமையல் கற்கப் போய்விட்டார். ஆனால் ஹிரோஷிமாவில் சன்னோ அணியிடம் ஷோஹோகு சிக்கித் திணறி, அதன் கேப்டனும் இவருடைய பரம எதிரியுமான அகாகி மனம் தளர்ந்து கிடக்கும்போது, சமையல்காரர் உடுப்பில் களத்துக்கே இறங்கி வருகிறார். கையில் கத்தியும் ஒரு வெள்ளை முள்ளங்கியும். அகாகியின் முன்னால் உட்கார்ந்து முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவுகிறார். காவலர்கள் பாய்ந்து பிடிக்கிறார்கள். சன்னோவின் கவாதா விருந்துக்கு வைக்கிற உயர்ந்த மீன், நீ தட்டை மீன், சேற்றில் புரள்வதுதான் உனக்கு அழகு என்று அகாகிக்கு ஓர் உபதேசம். கத்தியோடு உள்ளே விட்டது யார் என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அகாகி எழுந்துவிட்டார் அல்லவா?

கதாநாயகனுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு புதிய வித்தை கிடைக்கிறது, அவ்வளவுதான், ஆள் அதேதான். குணம் மாறுவதெல்லாம் தோற்றவர்களுக்கே. ஆனாலும் கேலரிக்காரரின் பெருந்தன்மையை முழுதாக நம்பிவிட வேண்டாம். அதில் ஒரு கணக்கு உண்டு. தன்னை வென்றவன் கோப்பையை வாங்கினால் இவர் கோப்பைக்காரனிடம் தோற்றவர். அவன் அடுத்த சுற்றிலேயே மண்ணைக் கவ்வினால் இவர் வெறுமனே தோற்றவர். "வேற எவன்கிட்டயும் தோத்துடாதே" என்று வாசலில் வைத்து அவர் உறுமுவது அதனால்தான்.

கணக்கு சில நேரம் உதைக்கும். ஹைக்யூவில், தேசியப் போட்டியின் கால் இறுதியில் கமோமெதாய் பள்ளியிடம் கராசுனோ தோற்றுவிடுகிறது. நடு ஆட்டத்தில் கதாநாயகன் ஹினாதாவுக்குக் காய்ச்சல் வேறு. மாநில அளவில் கராசுனோவிடம் தோற்றவர்கள் அத்தனை பேரின் மார்க்கும் ஒரே மாலையில் குறைந்திருக்க வேண்டும். காய்ச்சல் ஒரு நல்ல சாக்கு என்பது ஆறுதல்.

ஓய்காவா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அர்ஜென்டினாவுக்குப் போய், அந்த நாட்டுக் குடிமகனாகி, மங்காவின் கடைசி அத்தியாயத்தில் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு எதிராக நிற்கிறார். வலைக்கு அந்தப் பக்கம் உஷிஜிமாவும் ககேயாமாவும் ஒரே அணியில்! யார் தோற்றாலும் சந்தோஷம் என்ற பழைய வியாபாரம் இனி நடக்காது; தோற்பவர் இவராகவும் இருக்கலாம். அன்று மாடியில் கூட இருந்த சிறுவயது நண்பர் இவாயிசுமியும் பக்கத்தில் இல்லை. எதிர் பெஞ்சில் இருக்கிறார், ஜப்பான் அணியின் டிரெய்னராக.