தோலை வீசின மகராசன்

ஏலே ராசா, புது ஓவன் பொட்டிக்குப் பொட்டு வச்சாச்சு, பூச் சுத்தியாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. எலுமிச்சை மஃபின் சுடப்போறேன்னு சொன்னியே, தெருவே மணக்கும்னு நானும் திண்ணையில காத்துக் கெடந்தேன். வந்ததைக் கடிச்சா புளிச்ச ரொட்டி. வாசனையைக் காணோம். புளியங்குடிச் சந்தைக்கே வெலை பேசினவன் கணக்கா அத்தனை பழத்தையும் பிழிஞ்சு ஊத்திட்டு, தோலைக் குப்பையில தட்டிட்டியே!

மணம் எங்கல இருக்கு? தோல்லதான? மேல புள்ளி புள்ளியா தெரியுதுல்லா, அம்புட்டும் எண்ணெய்ப் பை. சின்ன வயசுல ஒங்கப்பன் ஆரஞ்சுத் தோலை அடுப்புப் பக்கம் அமுக்கி, படபடன்னு தீ சீறுறதை வேடிக்கை பாப்பான். மிச்சத்தை ஒங்க அத்தை கண்ணுல பீச்சி அடிப்பான். அந்தச் சொட்டுதாம்ல மணம். சாறுல புளிப்புதான் பெரும்பங்கு. அதுல இருக்கிற கொஞ்ச மணமும் சூட்டுல பறந்துரும்.

அதுக்காகத் தேங்காத் துருவியில போட்டுக் கரகரன்னு தேய்ச்சிராத. உள்ள இருக்கிற வெள்ளை கசக்கும். பொடிக்கண்ணு துருவியா எடு. நம்மூரு எலுமிச்சைக்குத் தோல் மெலிசு, ரெண்டு இழுப்புக்கு மேல இழுத்தா வெள்ளை வந்துரும். சீமை ஆரஞ்சுன்னா மெழுகு பூசியிருப்பான், வெந்நீர்ல தேய்ச்சுக் கழுவிக்க. துருவினதைச் சீனியில போட்டு, சீனி ஈரமாகி நெறம் மாறுற வரைக்கும் விரலால கசக்கு. விரல் வலிக்குமோ? நாள் பூரா செல்போனைத் தேய்க்கிற அதே விரல்தாம்ல.

இன்னொண்ணு கேளு. ஆப்ப சோடாவும் எலுமிச்சைச் சாறும் சேந்ததும் நுரைச்சுச்சு. ‘ஆச்சி, பொங்குது பாரு’ன்னு வீடியோ எடுத்துக்கிட்டு நின்ன. அந்தக் காத்தெல்லாம் கேமராவுக்குப் போயிட்டு, மஃபினுக்கு என்னல மிச்சம்? கலந்த சூட்டோட உள்ள தள்ளணும். ஒண்ணரைக் கப்பு மைதாவுக்குச் சோடா 1/2 டீஸ்பூனைத் தாண்டப்படாது, தாண்டினா சவக்கார வாடைதான்.

மாவையும் பரோட்டா மாஸ்டர் கணக்கா அடிச்சிருக்க. அடிக்க அடிக்க மைதாவுல பசை இழை பிடிச்சு, வெந்ததும் ரப்பரா இழுக்கும், நடுவுல பொந்து விழும். காஞ்ச மாவு கண்ணுக்கு மறைஞ்சதும் கரண்டியைக் கீழ வையி. சின்னச் சின்னக் கட்டி கெடந்தா கெடக்கட்டும். சும்மா இருக்கிறதுதான் ஒனக்குக் கைவந்த வித்தையாச்சே, அதை அந்த நேரம் காட்டப்படாதா?

ஓவனை முன்னாடியே 180 டிகிரிக்குச் சூடாக்கிரு. காகிதக் கப்புல முக்கால் அளவு ஊத்து. சுமாரா 20 நிமிசம். பாதியில கதவைத் தொறந்து எட்டிப் பாத்தா நடு அமுங்கிரும். ஈர்க்குச்சியைக் குத்தி, ஒட்டாம வந்தா எறக்கு. தட்டுலயே ஆற விட்டா அடி வேர்த்து நசநசன்னு ஆயிரும், கம்பி மேல எடுத்து வையி.

அடுத்த ஈடு எடுக்கையில எனக்கு ரெண்டை ஒதுக்கி வச்சிரு. ஆச்சிக்குச் சர்க்கரை இருக்குன்னு ஒங்கம்மா சட்டம் பேசுவா. சீனியைத் தோலோட கசக்கியாச்சு, அது இப்பம் பழக்கணக்குன்னு சொல்லிரு.