பரணிலிருந்து ஒரு மனு

பெறுநர்: பதிவாளர் அவர்கள், புவிசார் குறியீடுகள் பதிவகம், கிண்டி, சென்னை.
அனுப்புநர்: வெட்டரிவாள் ஒன்று, மாட்டுக்கொட்டகைப் பரண், திருவையாறு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

மேன்மை தங்கிய ஐயா,

மனுதாரர் உடம்பில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. முத்திரை இல்லை, ஸ்டிக்கர் இல்லை. தகப்பன் பெயர் கேட்டால் லாரி வில்பட்டை என்பார்; எந்த லாரி, எந்த ஆலை உருக்கு என்பது பழைய இரும்புக் கடைக்காரருக்கே தெரியாது. ஆனாலும் பதினைந்து வருஷமாகத் தென்னை மட்டை, கருவேலம், மூங்கில் என்று வெட்டி வருகிறார். வாய் மடங்கியதில்லை.

போன தை மாதம் பக்கத்து ஆணியில் புதியவர் ஒருவர் வந்து தொங்கினார். ஒரு பக்கம் 'ஜெர்மன் ஸ்டீல்', மறுபக்கம் 'ஜப்பான் டெக்னாலஜி'. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி உறைமேல் தயாரித்தவர் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும். இவர் உறையில் இருந்தது ஒரு செல்போன் எண். மாசியில் மூங்கில் கணுவில் ஒரே வெட்டு. வாய் மடிந்து எருமைக் காது மாதிரி தொங்கிவிட்டது. இரண்டு தேசங்களின் மானம் ஒரே கணுவில் போயிற்று.

ஜெர்மனியைக் குறை சொல்ல மனுதாரருக்கு மனமில்லை. அந்த ஊர்க்காரர்களும் ஒருகாலத்தில் இதே பழியைச் சுமந்தவர்கள்தான். சோலிங்கன் கத்திகள் ஷெஃபீல்டு முத்திரையோடு விற்கப்படுகின்றன என்று ஷெஃபீல்டுக்காரர்கள் கூச்சலிட, 1887இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. பிரிட்டிஷ் பெயரோ முத்திரையோ தாங்கி வரும் அந்நியச் சரக்கு, தான் பிறந்த நாட்டைச் சொல்லியாக வேண்டும். அவமானத்துக்காக ஒட்டிய 'மேட் இன் ஜெர்மனி' சில பத்தாண்டுகளில் பெருமையாகிவிட்டது. இன்று அந்தப் பெருமை தஞ்சாவூர்க் கடைத்தெருவில் பிளாஸ்டிக் உறைமேல் மலிவாகக் கிடைக்கிறது.

ஊரில் அரிவாள் பார்க்கிற விதம் வேறு. நகத்தால் முதுகில் சுண்டினால் 'ணங்' என்று நீளவேண்டும். 'டொக்' என்று செத்தால் விரிசல் இருக்கலாம். வாயில் அரம் வைத்தால் வழுக்கவும் கூடாது, மெழுகாய்த் தின்னவும் கூடாது. வழுக்கினால் கணுவில் பொரிந்துபோகும், தின்றால் மடங்கும். இந்தப் பதம் கொல்லுப்பட்டறையில்தான் பிறக்கிறது. பழுக்கக் காய்ந்ததைத் தண்ணீரில் தோய்த்தால் வாய் கண்ணாடியாய் இறுகி உடையப் பார்க்கும். அதனால் விளிம்பைத் தேய்த்து வெளுப்பாக்கி, மறுபடி இளஞ்சூட்டில் காட்டுவார்கள். சுமார் 230 டிகிரியில் விளிம்பில் வைக்கோல் நிறம் ஓடும். அது பழுப்பாகி, ஊதாவாகி, 300ஐ நெருங்கும்போது நீலமாகும். நீலம் வரை விட்டால் வாயின் கடினம் கூடுதலாகவே இறங்கிவிடும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதுதான் ஆசாரியின் கையெழுத்து. நெல் விளையும் ஊரில் வைக்கோல் நிறம் எது என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி வழக்குக்கு வருவோம். 1999இல் இயற்றி 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டப்படி தாங்கள் தஞ்சாவூருக்குக் கொடுத்த மரியாதை கொஞ்சமில்லை. ஓவியம், கலைத்தட்டு, வீணை, நெட்டி வேலை, தலையாட்டிப் பொம்மை. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவருக்குச் சான்றிதழ் கிடைப்பது உலக வழக்கம், மனுதாரருக்கு அதில் பொறாமை இல்லை. எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற சாமான்களாக இருக்கின்றனவே என்பதுதான் அவர் சந்தேகம். சோறு போடும் ஊரின் பெயரில் ஒரு மண்வெட்டி, ஓர் அரிவாள் இல்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் கொடுத்தீர்களே, இரும்புச் சாமான் என்று ஒதுக்கினீர்களா என்ன?

லாரிப் பட்டை எங்கிருந்தோ வந்தது என்று தள்ளிவிட வேண்டாம். தாங்கள் குறியீடு கொடுத்த நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கான செம்பும் துத்தநாகமும் நாச்சியார்கோயிலில் தோண்டி எடுத்ததல்ல. வீணைக்குப் பலா மரம் பண்ருட்டியிலிருந்து வருகிறது. விளக்குக்கு அச்சு வார்க்கும் காவிரி வண்டலுக்கு மகிமை உண்டென்றால், மனுதாரரைத் தோய்த்த தண்ணீரும் காவிரித் தண்ணீர்தான், அவர் பிறந்தபோது ஆற்றில் தண்ணீர் இருந்த அபூர்வ வருஷம் அது.

சிவகங்கைப் பக்கத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் அண்ணனைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். ஆனால் சந்தையில் அவர் பெயர் சொல்லி விற்பவர்கள் எல்லாரும் அந்த ஊரில் பிறந்தவர்களா என்று கேட்டால் அண்ணனே தலை குனிவார். கருக்கரிவாள் அக்காவைக் கேட்கலாமென்றால், பெல்ட் அறுவடை வண்டி வந்ததிலிருந்து அவருக்கு வேலையில்லை, ஞாபகமும் துருவேறிவிட்டது.

தனி ஆள் மனுப்போட முடியாது, உற்பத்தியாளர் சங்கமோ அமைப்போதான் போடவேண்டும் என்பது சட்டம். மனுதாரருக்குத் தெரிந்த பட்டறையில் உலை ஒன்று, துருத்தி ஒன்று, ஆள் ஒருவர். மூன்றையும் உறுப்பினராகக் கணக்கெடுத்தால் சங்கம் ரெடி.

விசாரணைக்கு நேரில் ஆஜராக இயலாது. மனுதாரர் பேருந்தில் ஏறினால் கிண்டிக்கு முன்னால் காவல் நிலையத்தில்தான் இறக்கிவிடுவார்கள். மாதிரிக்கு ஒரு மூங்கில் கணு இணைத்திருக்கிறார். மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்கால் கரைக் கருவேலத்தில் வேலை இருக்கும். பதிலைப் பரணிலேயே சொருகிவைக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடத் தெரியாததால், ஒரு வெட்டு.