எந்த அறையின் வெப்பநிலை?

‘சொக்லேட்டை உருக்குங்கள். பழத்தைத் தோய்த்தெடுங்கள். அறை வெப்பநிலையில் ஆறவிடுங்கள். அவ்வளவுதான்!’

இந்த ‘அவ்வளவுதான்’ போட்டவர் யாரோ, அவர் ஆடி மாதத்தில் ஒருதரம் கல்லடிக்கு வரவேண்டும். சாப்பாடும் படுக்கையும் என் பொறுப்பு. கச்சான் காற்று அனலாக அடிக்கிற ஒரு மத்தியானம், ஒரு கோப்பை சொக்லேட்டோடு அவரை எங்கள் விறாந்தையில் இருத்திவிட்டு நான் நித்திரைக்குப் போய்விடுவேன். பின்னேரம் எழும்பி வந்து, ஆறிவிட்டதா என்று இருவரையும் விசாரிப்பேன்.

நீங்களும் செய்திருப்பீர்கள். இல்லையென்று சொல்லவேண்டாம். போனில் ஒரு பெண்பிள்ளை வெள்ளைவெளேரென்ற குசினியில் நின்று, ஸ்ட்ரோபரியைக் காம்பில் பிடித்து, ஒரு முக்கு முக்கி எடுப்பாள். அடுத்த காட்சியில் அது பளபளவென்று இறுகித் தட்டில் இருக்கும். அந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் என்னுடைய வழக்கு.

எங்கள் வீட்டில் இதைத் தொடக்கிவைத்தவள் மாமாங்கத் தீர்த்தத்துக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் என் மனைவியின் தமக்கை மகள். தட்டு இன்னும் பிறிட்ஜுக்குள் இருக்கிறது. யாரும் தின்னுகிறார்களுமில்லை, எறிய விடுகிறார்களுமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்; ஆனால் அவசரப்படத் தேவையில்லை, கோபமும் எங்கள் வீட்டில் அறை வெப்பநிலையில் ஆறுவதில்லை. எந்தப் பழம் சொக்லேட்டுக்குத் தோது என்பதையும் சொல்வேன். அதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு.

முதலாவது, உருக்குதல். மட்டக்களப்புப் பதிப்பில் இந்த வரியை வெட்டிவிடலாம். புளியந்தீவில், கடையின் ஏசிக்குள் கட்டையாக இருந்த சாமான், மோட்டார் சைக்கிள் கைபிடியில் தொங்கிக்கொண்டு கல்லடிப் பாலம் ஏறும்போதே மனம் மாறத் தொடங்கிவிடும். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலம் நல்ல அகலம்தான், நிழல்தான் கிடையாது. இரண்டு பக்கமும் வாவி, மேலே வெயில், கீழே கொதிக்கிற தார். வாசலில் பையை வாங்கிய மாமி, மேற்கடதாசியை விரலால் அமத்திப் பார்த்தார்.

“என்ன தம்பி, கண்டோஸ் எண்டு போட்டு களிம்பெல்லோ வாங்கியாந்திருக்கிறீங்க?”

எந்தக் கம்பனி செய்தாலும் மாமிக்குக் கண்டோஸ்தான். அவரைத் திருத்த நான் யார்? மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு வருவான். ஆகவே அந்தக் குசினியில் எனக்கு வாக்குரிமை இல்லை, பார்வையாளர் அந்தஸ்து மட்டும்தான். அங்கே நடந்த எதற்கும் நான் பொறுப்பில்லை என்பதை இந்த இடத்திலேயே பதிவுசெய்துகொள்கிறேன்.

‘ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் சேருங்கள், நன்றாகப் பிடிக்கும்’ என்றாள் வீடியோக்காரி. சொல்லிவிட்டு, போத்தலுக்குள் கரண்டியை விட்டு எண்ணெயைத் தோண்டினாள். தோண்டினாள்! வெள்ளைக் கட்டியாக வந்தது. மாமி கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

“எண்ணெய்க்கு என்னகா புள்ள வருத்தம்?”

ஒரு வருத்தமுமில்லை. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸில் உருகும். அவளுடைய குசினி அதற்குக் கீழே இருக்கிறது. எங்கள் குசினியில் அது கட்டியாகி நான் கண்டதில்லை. அந்த ஒரு கரண்டியே சாட்சிக்குப் போதும். போதாததற்கு, கொக்கோக் கொழுப்பில் தேங்காயெண்ணெயைக் கலந்தால் சொக்லேட் முன்னையைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகும். இறுகமாட்டேன் என்கிற ஒன்றை வழிக்குக் கொண்டுவர, அதைவிட இறுகாத இன்னொன்றைத் தூது அனுப்பச் சொல்கிறார்கள்.

இனி அறை வெப்பநிலை. எந்த அறை?

இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. கொக்கோக் கொழுப்பு ஆறு விதமாக இறுகக்கூடியது. அதில் ஐந்தாவது விதமாக இறுகினால்தான் அந்தப் பளபளப்பும் ‘டக்’கென்று உடைகிற சத்தமும் வரும். அந்த ஐந்தாவதை வரவழைக்க, கறுப்புச் சொக்லேட்டை 45, 50 பாகைக்குச் சூடாக்கி, 27, 28க்கு இறக்கி, திரும்பவும் 31, 32க்கு ஏற்றவேண்டும். பிறகு 20 பாகை அளவில் ஆறவிடவேண்டும். சூடாக்குவதில் எங்களுக்குக் குறையில்லை. 27க்கு இறக்கு என்கிறார்களே, ஆடி மாதத்தில் எதை எடுத்து எங்கே கொண்டுபோய் இறக்குவது? அப்படியே ஒருவாறு இறுக்கினாலும் அந்த ஐந்தாவது விதம் 34 பாகையை அண்டியதும் உருகிவிடும். 34 எங்கள் ஊரில் காய்ச்சலுமல்ல, செய்தியுமல்ல, மத்தியானம்.

மகள்காரி கோழி வேகிற பதம் பார்க்கிற வெப்பமானி ஒன்றைக் கனடாவிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு, தட்டையும் தூக்கிக்கொண்டு, வீட்டில் அறை தேடும் படலம் தொடங்கியது.

ஹோலில் 33. மேலே ஃபேன் சுற்றியது. அது சூடான காற்றைச் சூடான மூலையிலிருந்து எடுத்துச் சூடான இன்னொரு மூலைக்கு மாற்றிக்கொண்டிருந்தது. சாமியறையில் 34, விடிய ஏற்றின விளக்கு இன்னும் எரிகிறது. சொக்லேட் உருகுவதற்கென்றே விஞ்ஞானிகள் குறித்துவைத்த இடம். படைத்ததாகச் சொல்லி அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்று நான் யோசனை சொன்னேன். பிள்ளையார் மோதகத்தை விட்டுப்போட்டு இதுக்கு வரமாட்டார் என்று மாமி மறுத்தார். குசினியில், தகரக் கூரைக்குக் கீழே, 36. அங்கே வைத்தால் ஆறாது, அவியும். மனைவியின் அறை மேற்குப் பார்த்தது. பின்னேர வெயிலுக்கு எழுதிக்கொடுத்த காணி. என்னுடைய அறையை அளக்கவில்லை. எனக்கு அறை இல்லை. புத்தக அலுமாரிக்கும் மாவு இடிக்கிற உரலுக்கும் நடுவில் ஒரு மேசை இருக்கிறது, அதில் தட்டை வைக்க இடமில்லை.

“கிணத்துக்க இறக்குவமே” என்றார் மாமி.

கல்லடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல். கிணறு ஆழமில்லை, ஆனால் உள்ளே குளிர்ச்சி. வெப்பமானி 28 காட்டியது. வீட்டிலேயே நாகரிகமான அறை அதுதான் என்று ஆயிற்று. வாளிக்குள் தட்டு, தட்டில் குச்சி குத்திய கதலிப்பழங்கள், பக்கத்தில் சொக்லேட் கோப்பை. கயிற்றை மகள்காரி பிடித்தாள், மேலே காகம் வராமல் மாமி ஈர்க்குத் தும்போடு நின்றார், பக்கத்து வீட்டு மச்சாள் மதிலுக்கு மேலால் எட்டி, “என்னகா, ஆரும் விழுந்திட்டாங்களா?” என்று கேட்டா. கயிறு நனைந்த கயிறு. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கோப்பைக்குள் விழுந்திருக்கிறது. உருகின சொக்லேட்டில் துளித் தண்ணீர் பட்டாலும் அதிலுள்ள சீனியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மொத்தமும் திரண்டு சொரசொரத்த கட்டியாகிவிடும். வாளியை இழுத்தெடுத்தபோது அது நடந்திருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் சொக்லேட் முதன்முதலாக இறுகியது அப்போதுதான். கரண்டி உள்ளேயே நின்றது.

இரண்டாவது கட்டைச் சொக்லேட்டும் உருகியது. மிஞ்சியிருந்தது மச்சானின் அறை. இரவு வேலை முடித்து வந்து பகலில் படுக்கிறவர் என்பதால் அங்கே மட்டும் ஏசி. கதவைத் திறந்து, தட்டைக் கொண்டுபோய்க் கட்டிலின் கால்மாட்டில் வைத்து, குளிர் வெளியே போகாமல் எல்லோரும் உள்ளே நின்றுகொண்டு கதவைப் பூட்டினோம். அவர் கண் திறந்து பார்த்தார். கால்மாட்டில் வரிசையாகக் கறுப்பு வாழைப்பழங்கள், சுவரோரம் வரிசையாகக் குடும்பம்.

“காலை அசைச்சுப்போடாத தம்பி, ஆறுது” என்றார் மாமி.

ஆறியது, மறுக்கவில்லை. 18 பாகையில் எதுவும் ஆறும். ஆனால் அந்த அறையிலேயே உட்கார்ந்து தின்றிருக்க வேண்டும். படமெடுக்க வெளிச்சம் காணாதென்று ஹோலுக்குக் கொண்டுவந்தார்கள். குளிர்ந்த பண்டம் வாவிக்கரைக் காற்றைக் கண்டதும் முத்து முத்தாக வியர்த்தது. வியர்வை சொக்லேட்டின் சீனியைக் கரைத்து, திரும்பக் காய்ந்ததும் மேலெல்லாம் வெள்ளை படர்ந்துவிட்டது. போனில் பார்த்தால் பூஞ்சணம். அதற்குப் பிறகுதான் பிறிட்ஜ். எங்கள் பிறிட்ஜில் வாவி இறால் இருக்கும், கடலோரம் வாங்கிய மீன் இருக்கும், சில நாள் கருவாடும் இருக்கும். கொக்கோவின் கொழுப்பு பக்கத்திலுள்ள எந்த வாசத்தையும் தனக்குள் வாங்கிக்கொள்ளும். இப்போது அந்தத் தட்டிலிருப்பது உள்ளே கதலி, வெளியே சொக்லேட், மூக்கில் இறால்.

யாழ்ப்பாணத்தார் எங்களைப் பற்றி ஒன்று சொல்வார்கள்: மட்டக்களப்புக்குப் போகிறவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று. வந்து பாருங்கள். ஒரு பழத்தோடு சொக்லேட்டை ஒட்டவைக்க வழியில்லாத ஊர் இது.

இதில் எங்கள் ஊரை மட்டும் குறைசொல்வதும் சரியில்லை. கொக்கோ வெப்பநாட்டு மரம். உலகத்துக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டும் கானாவும் தருகின்றன. இங்கேயும் மாத்தளை, கண்டிப் பக்கங்களில் காய்க்கிறது. குளிர்நாட்டில் அந்த மரம் நிற்காது. மரம் நிற்கிற நாட்டில் சொக்லேட் நிற்காது. வேர்வை ஒரு இடம், விறைப்பு இன்னொரு இடம். 2024இல் கொக்கோ விலை தொன்னுக்குப் பத்தாயிரம் டொலரைத் தாண்டியபோது உலகமே அழுதது. நான் மட்டும் இனியாவது விட்டுவிடுவார்கள் என்று ரகசியமாக நம்பினேன்.

வெயிலில் உருகாத சொக்லேட் செய்ய முடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். 1937இல் அமெரிக்கப் படையிலிருந்து லோகன் என்ற கப்டன் ஹெர்ஷி கம்பனியிடம் போய்க் கேட்டார்: கடும் சூட்டைத் தாங்கவேண்டும், பலம் தரவேண்டும், ருசி மட்டும் அவித்த உருளைக்கிழங்கைவிடச் சற்று மேலாக இருந்தால் போதும். அதிகம் ருசித்தால் ஆபத்துக்கென்று கொடுத்ததைச் சிப்பாய்கள் முன்கூட்டியே தின்றுவிடுவார்களாம். எங்கள் தட்டிலுள்ளதைச் சிப்பாய்களிடம் நம்பிக் கொடுக்கலாம். போர் முடியும்வரை ஒருவரும் தொடமாட்டார்.

பழத்துக்கு வருகிறேன். உண்மையில் என் எரிச்சல் வெயில் மேலல்ல. முற்றத்து மாமரத்திலிருந்து அன்று விடிய விழுந்த பழத்தை, காம்படியில் பால் காயமுன்னமே துண்டுபோட்டு, “ச்ச, ப்ளெய்னா இருக்கே” என்று அந்தப் பிள்ளை சொன்னாள். மாம்பழம் வெறுமையாக இருக்கிறதாம்! மேலே ஒரு கறுப்புச் சட்டை போட்டால்தான் அது விருந்தாளிக்கு முன்னால் வரலாமாம். கையெல்லாம் வழிந்து முழங்கை வரை ஓடுகிற பழம் அது. அதன் இனிப்புக்கு மேல் சீனியும் பால்மாவும் கலந்த கொழுப்பைப் பூசுவதற்கு யாருக்கு மனம் வரும்? “இலகுவான இனிப்பு” வேண்டுமென்றால் படுவான்கரையிலிருந்து வருகிற எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றை வாங்குங்கள். கவிழ்த்தாலும் விழாத தயிர். அதற்கு மேல் பாணி, பாணியில்லாவிட்டால் சீனி, ஒரு கதலிப்பழம், ஒரு கை. கரண்டி கேட்கிறவருக்குத் தயிர் கிடையாது. அது 33 பாகையிலும் தயிர்தான், 36 பாகையிலும் தயிர்தான், கொஞ்சம் புளிக்கும், அவ்வளவே. மாமியும் இதைத்தான் சொன்னார், சொல்லிவிட்டுப் பேத்திக்காக அடுத்த பழத்தில் குச்சி குத்தினார். அங்கேதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது. நான் கேட்டு ஒருநாளும் அவர் ஒரு பழத்தில் குச்சி குத்தியதில்லை.

பழத்தைத் தோய்த்துத் தின்பது எங்களுக்குப் புதிதுமல்ல. பின்னேரத்தில் கல்லடிக் கடற்கரைக்குப் போனால் மாங்காய், அன்னாசி, வெரளிக்காய், அம்பரெல்லா எல்லாம் வண்டிலில் வெட்டிவைத்திருப்பார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த கிண்ணத்தில் ஒரு முக்கு. வெப்பமானி தேவையில்லை, ஏசி தேவையில்லை, மச்சானை எழுப்பத் தேவையில்லை. சாதாரண கறியுப்பு உருகுவதற்கு 801 பாகை செல்சியஸ் வேண்டும். கல்லடியில் இன்னும் அவ்வளவு வெயில் வரவில்லை.